தோற்பார்கள் என்று நம்பிக் குறித்த முகூர்த்தம்

மலேசியாவில், எங்கள் ஈப்போவில், ஐஸ் என்றால் ஒன்று கிண்ணத்தில் சீவிப் போட்டுத் தருகிற ஐஸ் கச்சாங், இல்லாவிட்டால் மீன் மார்க்கெட். காலில் கத்தி கட்டிக்கொண்டு அதன் மேல் ஓடலாம், ஓடும்போதே ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளலாம், அதைப் பார்ப்பதற்கென்று ஊரே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காரும் என்பதெல்லாம் எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் என் மகள் கல்யாணத்தில் நான் இன்னும் கொஞ்சம் மானத்தோடு நின்றிருப்பேன்.

நான் லகாட் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. இளையவன் பையன். இங்கே இரண்டு வருஷம் காலேஜ், மீதி இரண்டு வருஷம் அமெரிக்கா என்று ஒரு படிப்பு இருக்கிறதே, அதில் சேர்ந்து இன்ஜினியரிங் படிக்கப் போனான். போன இடம் அமெரிக்காவின் வடக்கே. குளிர் என்றால் அப்படியொரு குளிராம், ஏரிமேல் காரை ஓட்டிக்கொண்டு போவார்களாம். போன இரண்டாவது மாதம் போன் செய்து, காலேஜுக்குள்ளேயே பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது, ஹாக்கி டீமில் என்றான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவன். புல்தரை ஹாக்கி. தடுப்பு ஆட்டக்காரன். அதன் ஞாபகமாக மேல்வரிசையில் இரண்டு பல் கிடையாது. அப்பன் ரத்தம் பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுவாரம்தான் முழு விவரம் வந்தது. அவன் ஆடவில்லை. ஆடுகிறவர்களின் சட்டையைத் துவைக்கிறான். குச்சி உடைந்தால் வேறு குச்சி எடுத்து நீட்டுகிறான். அவர்களுடைய பூட்ஸுக்கு அடியில் இருக்கிற பிளேடுகளை மெஷினில் வைத்துத் தீட்டிக்கொடுக்கிறான்.

என் அம்மா சித்தியவான் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். சாயங்காலமானால் அவருடைய கத்தியைத் தீட்டி வைப்பது என் வேலை. என் பிள்ளை கத்தி தீட்டக் கூடாது என்றுதான் நான் தோட்டத்தைவிட்டு ஈப்போவுக்கு வந்தேன். அவன் பாதி உலகத்தைத் தாண்டிப் போய்க் கத்தி தீட்டுகிறான். இதைச் சொன்னால் சிரிக்கிறான். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தீட்டிவிட்டால்கூட ஆள் சறுக்கி விழுந்துவிடுவானாம், ரொம்பப் பொறுப்பான வேலையாம்.

ஆட்டங்களைக் காலேஜே இணையத்தில் நேரடியாகக் காட்டும். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கிற ஆட்டம் இங்கே சனிக்கிழமை காலையில் வரும். முதல் ஆட்டத்தை என் போனில் நானும் என் மனைவியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக் கூடாது, தேடினோம். ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால்தான் பையன் நிற்பான், கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் தெரிவான். இரண்டரை மணி நேரத்தில் நான்கு தடவை திரும்பியது. அதில் ஒரு தடவை அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். சளி பிடித்திருக்கிறது, மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும் என்றாள் என் மனைவி. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அவன் முகத்தைப் பார்த்ததுதான். டீம் தோற்றுவிட்டது.

போன் திரையில் பக் தெரியவில்லை. பக் என்பது அவர்களுடைய பந்து. உருண்டையாக இருக்காது. கறுப்பாக, தட்டையாக, கெட்டி ரப்பரில் செய்தது. அம்மா சீவி அனுப்பிய ரப்பரை இந்த அடி அடிக்கிறார்களே என்று எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். அது போகிற வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. அதனால் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்கு மாறினேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என் வயதுக்காரர், சுவரளவுக்கு ஒரு டிவி வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் அதில் எப்போதோ முடிந்துபோன கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். என் பையன் வருவான், கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டேன். போட்டார்.

ஒரே மாதத்தில் கடை கெட்டுப்போயிற்று. ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள் ரொட்டி ஆறுவது தெரியாமல் டிவியையே பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் தப்பு செய்தவனை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு நிமிஷம் உட்கார வைத்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஆட விடுவார்கள். கடைக்காரருக்கு அந்த முறை மிகவும் பிடித்துவிட்டது. டீ ஆற்றுகிறவர் தே தாரிக்கில் சீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் அவரையும் ஓரத்து ஸ்டூலில் இரண்டு நிமிஷம் உட்கார வைத்தார். இடைவேளையில் ஒரு வண்டி வந்து ஐஸை மெழுகிவிட்டுப் போகும். என் மனைவி வைத்த கண் வாங்காமல் அதைத்தான் பார்ப்பாள். எவ்வளவு சுத்தம் என்பாள். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள்.

டீமைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் தோற்பார்கள். அதிலும் ஒரே மாதிரி தோற்க மாட்டார்கள், வாரத்துக்கு ஒரு தினுசு. கடைசி நிமிஷம் வரைக்கும் முன்னால் இருந்துவிட்டுத் தோற்பார்கள். கோல் காப்பவனை வெளியே கூப்பிட்டுவிட்டு, அவனுக்குப் பதில் அடிக்கிறவன் ஒருவனைக் கூட்டி, காலியாகக் கிடக்கிற கோலில் வாங்கிக்கொண்டு தோற்பார்கள். எதிரி தன் கோலிலேயே போட்டுக்கொண்டால்கூட இவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இது டீம் இல்லண்ணே, தர்ம சத்திரம். வர்றவனுக்கெல்லாம் குடுத்துதான் அனுப்புவானுங்க" என்று கடைக்காரர் சொல்லுவார். ஆனாலும் நாங்கள் வேறு டீமுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே மேசை, அதே நாற்காலி, அதே வயிற்றெரிச்சல்.

இரண்டாவது வருஷம், சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை காம்பார்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தேதி கொடுத்தார்கள். ஒன்று பங்குனியில், மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிறு. இன்னொன்று வைகாசியில்.

மகள் வைகாசி என்றாள். காரணம் தம்பி. எங்கள் பக்கத்து முறைப்படி, மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணுடன் பிறந்தவன்தான் அவர் காலைக் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். கூடப்பிறந்தவன் இல்லாவிட்டால் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் யாராவது செய்யலாம். அவளுக்கு அந்த யாராவது வேண்டாம். நானும் என் மனைவியும் ஷிப்டு வேலையில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் அவனுக்குச் சோறு போட்டு, மோட்டார் சைக்கிளில் பின்னால் வைத்து டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். உன் மாப்பிள்ளை காலில் சுடுதண்ணிதான் ஊற்றுவேன் என்று பத்து வயதிலிருந்து அவன் அவளை மிரட்டிக்கொண்டிருந்தான். நகை, புடவை, மண்டபம் எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. எனக்குத் தம்பி இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் மாப்பிள்ளைக்கு ஏப்ரலில் ஜொகூருக்கு மாற்றல். பங்குனிதான் வசதி. பையனால் மார்ச்சில் வர முடியுமா என்று கேள்வி வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரி ஐஸ் ஹாக்கி பற்றிப் பேராக் மாநிலத்திலேயே விவரம் தெரிந்த ஆள் நான்தானே. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்கினேன். மார்ச் தொடக்கத்தில் வெளியேற்று ஆட்டங்கள் வரும். முதல் சுற்றில் ஒரே எதிரியோடு மூன்று ஆட்டம், அதில் இரண்டு ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் வீட்டுக்குப் போவான். நம் ஆட்கள் வீட்டுக்குப் போகிறவர்கள்.

"பங்குனியே வைங்க. அந்த டீமு மார்ச் பாதிக்குள்ள மூட்டையக் கட்டிரும். நான் கேரண்டி" என்றேன்.

மகள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீங்கள் சொன்னால் சரி என்றாள். ஒரு டீம் தோற்கும் என்று நம்பி முகூர்த்தம் குறித்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தை மாதம் டீம் இன்னும் கேவலமாகத் தோற்றது. போனில் பையனுடைய குரலில் உயிரே இல்லை. டீம் தோற்பதால்தான் அப்படி இருக்கிறான் என்று அவன் சொல்லவில்லை, நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்க்குப் போடுகிற செம்பனை. ஆள் குடியிருந்த லயங்கள் எல்லாம் போய், முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது, ஞாயிறுதோறும் பூசை உண்டு. அங்கே போய், டீம் ஜெயிக்க ஆரம்பித்தால் ஒரு சேவலும் ஒரு கட்டுச் சுருட்டும் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். எந்த டீம் என்று முனியாண்டிக்குத் தெரிய வேண்டாமா? போனில் இருந்த டீம் படத்தைப் பெரிதாக்கி, சாமிக்கு நேராக ஒரு நிமிஷம் பிடித்துக் காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பச்சைச் சட்டை போட்டவர்கள் என்று நானும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஜெயித்தார்கள். மறுவாரம் இரண்டு ஆட்டம், இரண்டிலும் ஜெயித்தார்கள். கோல் காப்பவனுக்குத் திடீரென்று எட்டுக் கை முளைத்துவிட்டது. கடையில் எனக்கு மாலை போடாத குறை. மாசி பிறந்ததும் சேவலையும் சுருட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் மகள் அழைப்பிதழைத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். இவர்கள் இப்படியே ஜெயித்துக்கொண்டே போனால் தம்பி எப்படி வருவான்?

நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். வெளியேற்று ஆட்டத்தின் முதல் சுற்றைத் தாண்டிவிட்டால் அரையிறுதியும் இறுதியும் அடுத்த வாரக் கடைசியில். அதாவது கல்யாணத்தன்று. இறுதி ஆட்டம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முகூர்த்த நேரத்தில்.

மறு ஞாயிறே மறுபடி தோட்டத்துக்குப் போனோம். வேண்டுதலை வாபஸ் வாங்க. பூசாரி வாரநாளில் பள்ளி வேன் ஓட்டுகிறவர், நிதானமான மனுஷன். என் மனைவி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். சேவலைச் சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது, கறியும் ஆக்கிச் சாப்பிட்டாயிற்று, இப்போது வந்து கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள் என்றால் முனியாண்டி என்ன, சூப்பர்மார்க்கெட்டா நடத்துகிறார் என்று கேட்டார். நாங்கள் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி நின்றோம். பிறகு அவரே இரக்கப்பட்டு, "ஆட்டத்த அவர்கிட்டயே விட்டுருங்க. பையன் வரணும்னு மட்டும் கேளுங்க" என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நானும் மூடிக்கொண்டேன். என்ன கேட்டேன் என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

பையனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை இரண்டு பக்கமும் இழுபடுவான், மனசு கஷ்டப்படுவான் என்று என் மனைவி தடுத்தாள். டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் ஒரு தடவை சொன்னதோடு சரி. நான் கேட்காததற்குக் காரணம் வேறு. வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டால், பெஞ்சுக்குப் பின்னால் அவன் இல்லாமல் டீம் இறுதி ஆட்டம் ஆட வேண்டியிருக்குமே என்று எனக்குப் பயம். இப்படி ஒரு பயம் பெண்ணைப் பெற்றவனுக்கு வரலாமா? வந்தது.

மார்ச் இரண்டாம் வாரம் முதல் சுற்று. முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டம் எங்களுக்குத் திங்கட்கிழமை காலை. பட்டறையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். தோற்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். மகளுக்காக, கல்யாணத்துக்காக, தோற்றுத் தொலையட்டும். கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன், அவரும் நியாயம்தான் என்று தலையை ஆட்டினார். முழு நேரமும் ஆடி இரண்டுக்கு இரண்டில் நின்றது. இனி யார் முதலில் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்ததாக அர்த்தம்.

கூடுதல் நேரத்தில் எட்டாவது நிமிஷம். எங்கள் பையன்களில் ஒருவன், இரண்டு வருஷமாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய ஒருவன், மூலையிலிருந்து பக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, விழுந்துகொண்டே அடித்தான். வலை அசைந்தது.

நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். என் கையிலிருந்த தே தாரிக், கடைக்காரர் சட்டை மேல் கொட்டியது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். அப்படியே திரும்பினால் வாசலில் என் மகள். ராத்திரி ஷிப்டு முடிந்து, வெள்ளைச் சீருடையோடு, வீட்டுக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள். டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் இன்னும் நாற்காலி மேல்தான் நிற்கிறேன். மூன்று ரொட்டி தாப்பாவ் என்று கட்டச் சொல்லி, பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வெட்கத்தோடு கீழே இறங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில் நின்று அவ்வளவு சிறுத்துப்போனது அன்றுதான்.

வீட்டுக்குப் போனால் போன் ஏற்கெனவே ஒலிபெருக்கியில் இருந்தது. பையன் பேசிக்கொண்டிருந்தான், பின்னால் அவர்கள் பாட்டும் கூச்சலும் கேட்டது. என் மனைவி அழுகிற குரலில், இப்போது என்னப்பா செய்யப் போகிறாய் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டாள்.

"என்ன செய்யறதுன்னா? நாளைக்கு ஏறி புதன்கிழமை வாரேன். ஜனவரியிலயே கோச்சுகிட்ட சொல்லிட்டேன்மா, என்ன ஆனாலும் அக்கா கல்யாணத்துக்குப் போயிருவேன்னு. நீங்க யாரும் கேக்கவே இல்லையே."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கம் போனாள், தோள் குலுங்கியது. ஒரு சேவல், ஒரு கட்டுச் சுருட்டு, இரண்டு தடவை தோட்டத்துக்கு அலைச்சல், ஒரு மாதத்துத் தூக்கம் எல்லாம் வீண். அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? வா அய்யா, பத்திரமாக வந்து சேர் என்று சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்ப பிளேடு யாரு தீட்டுவா?"

போனில் பையன் சிரித்தான். இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நன்றாகவே தீட்டுவான் என்றான். என் மனைவி கையில் கிடைத்த துண்டால் என்னை அடித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது வந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைத் தொடக் கூடாது, தாலி ஏறுகிற வரைக்கும், அதற்குமேல் உங்கள் இஷ்டம் என்றாள். "அந்த ஒரு மணி நேரம் எனக்கு அப்பாவா இருங்க, போதும்" என்றாள். நான் சத்தியம் செய்துகொடுத்தேன்.

புதன்கிழமை பையன் வந்து இறங்கினான். ஒல்லியாகி, தாடி வைத்துக்கொண்டு. சனிக்கிழமை காலையில் அவனுடைய டீம் அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். நான்தான் நாலு தடவை உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டார்கள் என்று ஓடிவந்து சொன்னேன். நல்லது, அந்தக் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள் என்றான். அவனுக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முடிந்த கயிற்றை அவிழ்த்து, மறுபடி முடிந்தான். இரண்டு வருஷம் தோல்விக்கெல்லாம் கூட நின்று துணி துவைத்தவன், ஜெயிக்கிறபோது வாழைமரம் கட்டுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை என் போனை அணைத்து மனைவியின் கைப்பையில் போட்டேன். எல்லாரும் பார்க்கிற மாதிரியே போட்டேன். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். பையன் செம்பைத் தூக்கிக்கொண்டு போனான், வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை காலில் தண்ணீர் விழுந்ததும் அவர் ஒரு துள்ளுத் துள்ளினார். சுடுதண்ணி இல்லை, செம்பு நிறைய ஐஸ் கட்டி. மணவறையிலிருந்து எட்டிப் பார்த்த மகள், மாலையெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அவ்வளவு நாளும் அவளை அப்படிச் சிரிக்க விடாமல் வைத்திருந்தது நான்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

பையன் மாப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். மோதிரம் அவன் விரலுக்குப் பெரிதாக இருந்தது. நான் தாரைவார்த்துக் கொடுத்தேன். கண் கலங்கியது, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மண்டபத்துக் கடைசி வரிசையில் கடைக்காரரும் சனிக்கிழமைக் கூட்டமும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல சட்டை போட்டு, மரியாதையாக. எல்லாத் தலைகளும் மேசைக்கு அடியில் ஒரே போனைப் பார்த்துக் குனிந்திருந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, சத்தியத்தை நினைத்து, கண்ணை இழுத்துக்கொண்டேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே செய்தேன்.

அட்சதையைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரும் நெருங்கி நின்றோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கினார். அதே நேரம் கடைசி வரிசையிலிருந்து ஒரு கத்தல், பத்துப் பேர் சேர்ந்து.

கூட்டம் அதைக் கல்யாண உற்சாகம் என்று நினைத்துத் தானும் கைதட்டியது. மேளம் எழுந்தது. அரிசி மழையாகக் கொட்டியது. நான் கடைக்காரர் முகத்தைப் பார்த்து, என்ன, நாமா, அவர்களா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, இல்லை என்று காட்டினார். கோலே இல்லை. பக் கம்பத்தில் பட்டு வெளியே போயிருக்கிறது. நான் உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பினேன். மகள் கழுத்தில் தாலி இருந்தது. மூன்றாவது முடிச்சையும் மாப்பிள்ளையின் தங்கை போட்டு முடித்திருந்தாள்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் டீம் ஒரு கோலில் தோற்றுவிட்டது என்ற சேதி வந்தது. பையன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, நன்றாக ஆடினார்களா என்று கேட்டான். நன்றாக ஆடினார்களாம் என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி பாயசத்தை எடுத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து, பையன் திரும்பிப் போவதற்கு முந்தின சாயங்காலம், கல்யாண வீடியோ வந்தது. மகளும் மாப்பிள்ளையும் காம்பாரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஐஸ் தண்ணீருக்கு மாப்பிள்ளை துள்ளிய இடத்தை மூன்று தடவை போட்டுச் சிரித்தோம். பிறகு தாலி ஏறுகிற இடம் வந்தது. கேமரா நேர் எதிரே. என் மனைவி, சம்பந்தி, பையன், அத்தனை பேரும் குனிந்து மகள் கழுத்தையே பார்க்கிறார்கள். கத்தல் கேட்கிறது. பையன் அசையவே இல்லை. அவனுக்குத்தான் அந்தக் கத்தல் என்னவென்று எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், அவன் அக்காவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் நான் ஒருவன் மட்டும் நிமிர்ந்து, வாயைப் பிளந்து, எங்கேயோ மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புருவத்தைத் தூக்குகிறேன். உச்சுக்கொட்டுகிறேன். என் கையில் அட்சதை அப்படியே இருக்கிறது.

என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையன் தரையில் உருண்டான். நானும் வெட்கம் தாங்காமல் சிரித்தேன். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தம்பி அமெரிக்காவுல இருந்து வந்துட்டான்பா. பக்கத்துல நின்ன நீங்கதான் வரல."

ரிமோட்டை வாங்கி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், மகள் தலையைக் குனிந்துகொண்டாள், அவர் முதல் முடிச்சைப் போட்டார். என் பெண் கழுத்தில் தாலி ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன், டிவியில்.